கோரையும் கூலியும்: பத்தமடைப் பாய் நெய்யும் பெண்கள்

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவியை அடுத்த பத்தமடையில் நெய்யப்படும் பாய்க்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊரின் பெயரைப் பிற இடத்துச் சரக்கின்மீது ஒட்டி விற்பதைத் தடுக்கும் சட்டப் பாதுகாப்பு, கிடைத்தபோது நலிந்துவரும் அத்தொழில் மீண்டும் செய்தியில் இடம்பெற்றது. ஊரின் பெயர் காக்கப்பட்டதெனினும், பாய் நெய்யும் பெண்களின், குறிப்பாக லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்களின், கூலி காக்கப்பட்டதா என்பது தனியே ஆராயத்தக்கது.

ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் கோரை அறுத்து உலர்த்தப்பட்டு, ஓடும் நீரில் பல நாள் ஊறி, மீண்டும் உலர்ந்தபின் இழையிழையாக வகிரப்படுகிறது. சாயமிட்ட கோரை, தரையோடு தரையாக அமைந்த தறிக்கு வருகிறது. அங்கு நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பருத்தி நூல் பாவாகவும், குறுக்கே செல்லும் கோரை ஊடையாகவும் அமைகின்றன. பாவுநூல்கள் அச்சு எனப்படும் மரக்கட்டையின் துளைகள் வழியே செல்வதால், துளைகளின் நெருக்கமும் பாயின் நயத்தைத் தீர்மானிக்கிறது. ஒருவர் நீண்ட குச்சியால் கோரையைச் செலுத்த, மற்றவர் அச்சை இழுத்து அடிக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் பின் கோரையின் நுனி விளிம்பு நூலைச் சுற்றி மடக்கப்படுகிறது. நுண்ணிழைப் பாய் துணிபோல் மடியும் என்ற புகழுக்கும், மணமக்களின் பெயர் நெய்த கல்யாணப் பாய்க்கு உள்ள மதிப்புக்கும், ஆயிரக்கணக்கான முறை நிகழும் இந்த நுணுக்கமான வேலையே அடிப்படை.

இவ்வளவு உழைப்பும் வீட்டுக்குள் நடப்பதால், அது சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடைப்பட்ட ஓய்வுநேர வேலையாகவே கணக்கிடப்படுகிறது. கோரையும் நூலும் முன்கடனாகத் தரும் இடைத்தரகரே விலையையும் நிர்ணயிக்கும் நிலையில், நெய்பவர் தம் பாயின் விலையைப் பேசும் உரிமையை நெய்யத் தொடங்கும் முன்பே இழந்துவிடுகிறார். மலிவான பிளாஸ்டிக் பாயைக் காட்டிக் கோரைப்பாயின் விலையைக் குறைப்பதும், அதே கோரைப்பாயைக் கைவினைப் பொருளெனப் பாராட்டி நகரத்தில் உயர்ந்த விலைக்கு விற்பதும் பச்சை அநீதியாகும்.

தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தொடங்கிய சுயஉதவிக் குழு முறை, அதாவது ஒரே பகுதிப் பெண்கள் சிறுகச் சேமித்துத் தமக்குள் கடன் கொடுத்து, அந்த ஒழுங்கின் பலத்தில் வங்கிக் கடனும் பெறும் ஏற்பாடு, இடைத்தரகரின் முன்கடன் பிடியை உடைக்க வல்லது. ஆனால் கடன் கோரையை வாங்கித் தருமேயன்றிச் சந்தையை வாங்கித் தராது; தவணை மாதந்தோறும் வர, பாய் எப்போதோ விற்குமாயின், நெய்பவர் பழைய தரகரிடமே திரும்ப நேரிடும். எனவே குழுக்கள் சேமிப்போடு நில்லாமல், வகிர்வதற்கும் நெய்வதற்கும் செலவான நாள்களைக் கூலியாகக் கணக்கிட்டு, அதற்குக் குறைந்து விற்பதில்லை என ஒன்றாக முடிவெடுக்க வேண்டும். அரசும் அவ்விலைக்குக் கொள்முதல் செய்ய முன்வர வேண்டும். தாயின் நாள்களுக்குக் கூலி கிடைப்பதைக் காணும் மகளே அத்தொழிலை விரும்பி ஏற்பாள்.