மார்கழித் தயிர்

டிசம்பர் 12

அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் கை நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறிக்கொண்டே இருந்தது. இருமல் அடங்கிவிட்டது. இப்போது வயிறு. எதைக் கொடுத்தாலும் தண்ணீராகப் போகிறது. கிளம்பும்போது நர்ஸ், "என்ன சாப்பிட்டாங்க, எத்தனை தடவை போனாங்க, எல்லாத்தையும் குறிச்சு வைங்க சார்" என்றார். அதற்காக வாங்கிய நோட்டு இது. ஆனால் எண்களை மட்டும் எழுதி மூடி வைக்க மனம் வரவில்லை.

வீடு பூட்டிக் கிடந்ததில் கரண்ட் எத்தனை முறை போய் வந்ததோ, ஃபிரிட்ஜில் தயிர்ச் சட்டியின் மேல் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். அம்மா கட்டிலில் படுத்தபடியே கேட்டாள்: "உறைக்கு ஒரு கரண்டிகூட தேறாதா?" கொட்டிவிட்டேன் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிசம்பர் 13

ஏழு தடவை. அரிசிக் கஞ்சி, உப்பு சர்க்கரைக் கரைசல், இளநீர்.

டிசம்பர் 15

டாக்டரிடம் போனில் பேசினேன். மருந்து நோய்க்கிருமியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை, குடலில் காலங்காலமாகக் குடியிருக்கிற நுண்ணுயிர்களையும் சேர்த்தே அழித்துவிடுகிறது, அவை திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும் என்றார். மோர் கொடுக்கலாமா என்று கேட்டேன். தாராளமாகக் கொடுக்கலாம், நீர்க்கக் கரைத்துக் கொடுங்கள் என்றார். மாத்திரை எதுவும் பாக்கி இருக்கிறதா என்றும் விசாரித்தார். சிப்ரோஃபிளாக்சசின் மாதிரி சில மருந்துகளைத் தயிரோடு சேர்த்து விழுங்கக் கூடாதாம். தயிரிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, உடம்பில் சேர விடாது. நல்லவேளை, அம்மாவுக்கு அது இல்லை.

கடைத் தயிர் வாங்கிவந்து மோராக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளிவிட்டாள். "புளிப்பும் இல்ல, வாசனையும் இல்ல."

எதிர்வீட்டு அக்காவிடம் உறை கேட்கப் போனேன். மணி ஏழு. "விளக்கு வெச்சாச்சே தம்பி, இப்ப குடுக்க மாட்டோமே. காலையில தர்றேன்" என்றார். அம்மா முடியாமல் கிடக்கும்போது இது என்ன சாஸ்திரம் என்று கோபம் வந்தது. பேசாமல் வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் கோபம் ஆறவில்லை.

டிசம்பர் 16

விடியாத இருட்டில் வாசல் மணி அடித்தது. கோல மாவு ஒட்டிய கையில் டம்ளர், மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. "நேத்து நைட்டே உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சேன்."

டிசம்பர் 17

தயிர் கெட்டுவிட்டது. கரண்டியைத் தூக்கினால் தயிரும் கூடவே எழுந்து வருகிறது. வெள்ளை நூல் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கி, அறுபடாமல் ஆடுகிறது. புளிப்பு இருக்கிறது, நாற்றம் இல்லை, வாயில் வைத்தால் கொழகொழவென்று வழுக்குகிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பனிக்குச் சூடு பத்தல. நூல் விடுது பாரு" என்றாள்.

பிறகு படித்துப் பார்த்தேன். சூடு குறைந்தால் தயிரிலிருக்கும் சில வகை பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையைக் கொண்டு பசைபோன்ற நீண்ட சங்கிலிகளைக் கட்டுகின்றன. நூல் அதுதான். பின்லாந்தில் ‘விலி’ என்று இப்படி நூல் விடும் தயிரையே விரும்பிச் செய்து சாப்பிடுகிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "அவங்க சாப்பிடட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் படுக்கையிலிருந்தே பாடம் நடந்தது. பால் பொங்கியதும் இறக்கக் கூடாது. அடுப்பைத் தணித்து, கொஞ்ச நேரம் அப்படியே காய விடவேண்டும். (அந்தக் கொதியில் பாலின் புரதம் குலைந்து, பிற்பாடு தயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தது கெட்டியாக வரும் என்பது.) சுண்டுவிரலை விட்டால் சூடு சுகமாகப் பொறுக்க வேண்டும், சுடக் கூடாது, ஆறியும் போயிருக்கக் கூடாது. நான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது 42 டிகிரி காட்டியது. ஒரு கரண்டி உறை, ஒரே கலக்கு. சட்டியைத் துண்டால் சுற்றி, அரிசி டப்பாவுக்குள் இறக்கி மூடினேன்.

"காலை வரைக்கும் தொடாத. ஆட்டாத. திறந்து திறந்து பாக்காத."

டிசம்பர் 18

தோய்ந்துவிட்டது! சட்டியைச் சாய்த்தால் நகரவில்லை. அம்மா முழு டம்ளர் மோர் குடித்தாள்.

டிசம்பர் 21

என் அக்கா கோயம்புத்தூரிலிருந்து தினமும் போன் செய்கிறாள். புரோபயாடிக் காப்ஸ்யூல் வாங்கிக் கொடு என்கிறாள். கோடிக்கணக்கில் நல்ல கிருமிகள் இருக்கிறதாம். வாங்கலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

1905இல் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த பல்கேரிய மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ், தன் ஊர்த் தயிரிலிருக்கும் பாக்டீரியாவை மைக்ராஸ்கோப்பில் கண்டுபிடிக்கிறார். பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் இருந்த மெச்னிகோவ் அதைப் பிடித்துக்கொள்கிறார். குடலில் அழுகலை உண்டாக்கும் கிருமிகளால்தான் முதுமை வருகிறது, புளித்த பால் அதைத் தடுக்கும் என்று நம்பி, தானும் தினமும் குடித்தார். 1908இல் அவர் நோபல் பரிசு வாங்கியது வேறு ஆராய்ச்சிக்கு. ஆனால் தயிர் குடலுக்கு நல்லது என்று உலகமே பேசத் தொடங்கியது அவரால்தான். அந்த பாக்டீரியா மனிதக் குடலில் நிலைத்துக் குடியேறுவதில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. வழிப்போக்கன்போல வந்து போகிறது.

அதற்குமேல் படித்ததுதான் தூக்கத்தைக் கெடுத்தது. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நடந்த ஆய்வு. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு முடித்தவர்களில் சிலருக்கு புரோபயாடிக் கொடுத்தார்கள், சிலரை அப்படியே விட்டார்கள். புரோபயாடிக் சாப்பிட்டவர்களுடைய குடலில்தான் பழைய நுண்ணுயிர்கள் திரும்பி வருவது தாமதமானது. நல்லது என்று நினைத்து உள்ளே அனுப்பியவை இடத்தை அடைத்துக்கொண்டன. 2021இல் ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு ஆய்வு. தயிர், கெஃபிர், கிம்ச்சி என்று புளித்த உணவாகப் பத்து வாரம் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. ஆனால் அவர்கள் நல்ல உடம்போடு இருந்தவர்கள். என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, எழுந்து நடந்தால் கால் நடுங்குகிறது. இவர்களில் யார் கணக்கில் அவளைச் சேர்ப்பது?

காப்ஸ்யூல் வாங்கவில்லை. மோரை நிறுத்தவும் முடியாது. அவள் வாய்க்குப் பிடித்து இறங்குவது அது ஒன்றுதான்.

டிசம்பர் 22

மூன்று தடவை. கொஞ்சம் கெட்டியாக.

டிசம்பர் 27

அம்மாவுக்குப் பழைய சோறு வேண்டுமாம். காலையில் நீராகாரமும் சின்ன வெங்காயமும் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள். வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் ராத்திரியில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகும் என்பது உண்மை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலேயே குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு எப்படி உதவும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் நானே கரைத்துக் கொடுப்பேன்.

ஆனால் சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியும் இருக்கலாம். அதன் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாவதில்லை. சோறு ஆறி அப்படியே கிடந்தால் முளைத்து விஷம் கக்கும். புளிப்பு சீக்கிரம் ஏறினால் அது அடங்கும். இந்தக் குளிரில் புளிப்பு எங்கே சீக்கிரம் ஏறுகிறது? முடியாது என்றேன். "நீ பொறந்ததுலேர்ந்து அதத்தான தின்ன" என்றாள். மத்தியானம் சாப்பிடவில்லை.

டிசம்பர் 28

பேசவில்லை.

ஜனவரி 4

பாத்ரூமிலிருந்து வந்தவளிடம் எப்படிப் போயிற்று என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பக் கேட்டேன். "எத்தன நாளைக்குடா எண்ணிக்கிட்டிருப்ப? கதவுக்கு வெளிய நிக்கிற. எனக்கு வெக்கமா இருக்காதா?" என்று அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அழவில்லை.

ஜனவரி 5

ராத்திரி அடுப்படியில் சத்தம். போய்ப் பார்த்தால் அம்மா நாற்காலி போட்டு அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறாள். பாலில் சுண்டுவிரலை விட்டு, எடுத்து, புடவையில் துடைத்து, மறுபடி விட்டாள். கை நடுக்கம் இன்னும் போகவில்லை. உறை ஊற்றும்போது பாதி மேடையில் சிந்தியது. நான் துணியை எடுத்தேன். "விடு, நான் துடைக்கிறேன்" என்றாள். துணியை மேடையில் வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

ஜனவரி 9

இரண்டு இட்லி, புதினாத் துவையல். மாவைப் பொங்க வைக்கும் பாக்டீரியா எல்லாம் ஆவியில் வெந்து செத்துவிடும். குடலுக்குப் போய்ச் சேர உயிரோடு ஒன்றும் மிஞ்சாது. அவள் மூன்றாவது கேட்டாள்.

ஜனவரி 12

இடையில் ஒன்றும் எழுதவில்லை. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை என்பதே பெரிய நிம்மதி.

எதிர்வீட்டு அக்கா காலையில் கிண்ணத்தோடு வந்தார், அவர்கள் வீட்டில் உறை தீர்ந்துவிட்டதாம். அம்மாவே எழுந்து போய்க் கொடுத்தாள்.

ஜனவரி 16

பொங்கலன்று கொஞ்சமாகச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டாள். நேற்றிலிருந்து மறுபடியும் வயிறு சரியில்லை. எத்தனை தடவை என்று தெரியாது. நான் கேட்கவில்லை, அவளாகவே "ராத்திரி தூங்கல" என்றாள். டாக்டரிடம் போனில் சொன்னேன். ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு குடலில் பெருகும் ஒரு கிருமி உண்டு, அது இருக்கிறதா என்று மலத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். பயமாக இருக்கிறது. நாளைக் காலையில் லேபில் கொடுக்க வேண்டும், ரிசல்ட் வர இரண்டு நாள் ஆகும். நெய்யா, வெல்லமா, தயிரா என்று நானாக எதையெதையோ நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா மோர் குடித்துவிட்டுப் பழைய சோற்றுப் பேச்சை மறுபடி எடுத்தாள். முடியாது என்று சொல்ல இந்தத் தடவை வாய் வரவில்லை. ரிசல்ட் வரட்டும், டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"கேளு. அவரு சரின்னாருன்னா தண்ணிய நான்தான் ஊத்துவேன். உனக்கு அளவு தெரியாது."