நின்று சாப்பிட்ட ஊர்

வீட்டைக் காலி செய்ய மூன்று வாரம் இருந்தபோது, பழைய டைரி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் கடைகளின் பெயர்களை எழுத ஆரம்பித்தேன். 2007இல் வேலைக்காகப் பெங்களூர் வந்தவள், பதினெட்டு வருஷம் கழித்து மன்னார்குடிக்கே திரும்புகிறேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. இனி தனியாக விட மனமில்லை. கிளம்புவதற்குள் ஒரு முறையாவது போய்ச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று நான் எழுதிய பெயர்கள் இவை: சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பார், காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன், மல்லேஸ்வரத்தில் சி.டி.ஆர்., வீணா ஸ்டோர்ஸ், லால்பாக் சாலையில் எம்.டி.ஆர்., கடைசியாக எங்கள் தெருமுனை தர்ஷினி. எல்லாமே சைவக் கடைகள். எதற்கும் நல்ல புடவை கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. இவற்றில் பாதிக் கடைகளில் நாற்காலியே கிடையாது. பதினெட்டு வருஷத்தில் நான் வெளியே சாப்பிட்ட காலைப் பலகாரத்தில் பெரும்பகுதியை நின்றபடியேதான் சாப்பிட்டிருக்கிறேன்.

வந்த புதிதில் தனியாக ஹோட்டலுக்குள் நுழையவே தயக்கமாக இருக்கும். உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் முதல் கேள்வியே "எத்தனை பேர்?" என்பதுதான். "ஒருத்தர்" என்றால் ஒரு பார்வை. நாலு பேர் மேசையில் முன்பின் தெரியாத மூன்று ஆண்களோடு உட்கார வைப்பதா, மூலையில் தள்ளுவதா என்று பரிமாறுபவருக்கே குழப்பம். பழைய ஹோட்டல்களில் 'ஃபேமிலி ரூம்' என்று ஒரு தடுப்பு உண்டு. பெண்களுக்கான இடம் அது என்று பெயர், ஆனால் தனியாக வந்தவள் அங்கேயும் குடும்பமில்லாதவள்தான். நின்றபடியே சாப்பிடும் தெருமுனை தர்ஷினியில் இந்தக் கேள்வியே எழவில்லை. டோக்கன் வாங்கினேன், தட்டை எடுத்தேன், பையைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அதுதான்.

அடுத்த வருஷம் வந்த அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "நின்னுக்கிட்டே சாப்பிட்டா உடம்புல ஒட்டுமாடி? மாடுகூடப் படுத்துக்கிட்டுத்தானே அசை போடுது" என்றாள். அப்போது என்னிடம் பதில் இல்லை. நின்று சாப்பிடும் வழக்கத்தை இந்த ஊரில் யார் தொடங்கி வைத்தார்கள்? போவதற்குள் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கடைப் பட்டியலே தேடலுக்கான வழித்தடமாக மாறியது.

முதலில் தெருமுனைக் கடைச் சமையல்காரரைக் கேட்டேன். உடுப்பிக் கடைகளில் சமையல்காரரைப் 'பட்ரே' என்பார்கள். குந்தாபுரத்துப் பக்கத்துக்காரர், பதினாலு வயதில் மாமாவோடு பஸ் ஏறி வந்தவர். "நான் வந்தப்போ எல்லாக் கடையிலும் பெஞ்சு இருந்துச்சு அக்கா. நிக்கிற கடைன்னா நீங்க ஜெயநகர்லேர்ந்துதான் விசாரிக்கணும்" என்றார்.

அவர் சொன்னது சரி. 1983இல் ஆர். பிரபாகர் என்பவரின் யோசனையில் ஜெயநகரில் 'கஃபே தர்ஷினி' திறந்தது. பெங்களூரின் தர்ஷினிகளுக்கெல்லாம் அதையே முதல் என்கிறார்கள். அவர் செய்த மாற்றத்தைக் கணக்காகப் பார்த்தால் மிக எளிமையானது. ஹோட்டல் செலவில் பெரும்பகுதி எங்கே போகிறது? இடத்துக்கு வாடகை, பரிமாற ஆள், சாப்பிட்டவர் எழுந்திருக்கும் வரை காத்திருக்கும் நேரம். நாற்காலியை எடுத்துவிட்டால் இந்த மூன்றுமே குறைந்துவிடுகின்றன. ஒற்றைக் கால் நட்ட, முழங்கை உயரத்து வட்ட மேசையைச் சுற்றி நாலைந்து பேர் நிற்கலாம். பணத்தை முதலில் கட்டிவிடுவதால் பில்லுக்குக் காத்திருக்க வேண்டாம். சாப்பிட வந்தவர்களின் கண்ணெதிரிலேயே சமையல். 'தர்ஷினி' என்ற பெயரிலேயே தரிசனம் இருக்கிறது. தோசைக்கல்லும் இட்லிப் பாத்திரமும் பாத்திரம் கழுவும் இடமும் பார்வைக்குத் திறந்தே கிடக்கின்றன. விலையும் குறைவு, சுத்தத்துக்கும் சாட்சி உண்டு. கொஞ்ச காலத்தில் பேட்டைக்குப் பேட்டை ஏதோ ஒரு தர்ஷினி முளைத்துவிட்டது.

அதன் வேகத்தை ஒரு நாள் காலை, சாப்பிடாமல் நின்று பார்த்தேன். மணி எட்டே கால். கவுண்டரில் டோக்கனை நீட்டியவர் "இட்லி வடே, டிப்" என்கிறார். டிப் என்றால் சாம்பாரில் முழுக வைப்பது. வெந்நீரில் அலசிய தட்டு, இன்னும் சூடாக, ஓரத்தில் ஈரத்தோடு வருகிறது. இரண்டு இட்லி விழுகிறது, மேலே வடை, கரண்டி ஒரு சுற்றுச் சுற்றிச் சாம்பார் இறங்குகிறது. அடுத்தவர் சௌசௌ பாத் கேட்கிறார். காரா பாத் ஒரு பக்கம், கேசரி பாத் மறுபக்கம், கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்த இரண்டு குன்றுகள் ஒரே தட்டில். மூன்றாமவர் "பை டூ காபி" என்கிறார். ஒரு காபியை இரண்டு தம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருகிறார்கள், முகம் சுளிக்காமல். அந்த வட்ட மேசையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பையன், காய்கறிப் பையோடு ஒரு மாமி, சீருடையில் ஆட்டோ ஓட்டுநர், நெற்றியில் விபூதியோடு ஒரு பெரியவர். நாலு பேருடைய தட்டுகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன.

ஆனால் 1983இல் தேடல் முடியவில்லை. பிராமின்ஸ் காபி பார் தொடங்கியது 1965இல், தர்ஷினிக்குப் பதினெட்டு வருஷம் முன்னால். சின்னஞ்சிறு கடை. வாங்கியவர்கள் வாசலிலும் நடைபாதையிலும்தான் நிற்கிறார்கள். இட்லி, வடை, காரா பாத், கேசரி பாத், காபி, டீ என்று விரல் விட்டு எண்ணி முடிக்கக்கூடிய பட்டியல். சாம்பார் கிடையாது, சட்னி மட்டும். அந்தச் சட்னிக்காகவே ஒருவர் தனியாக நிற்கிறார். தட்டை நீட்டினால் கேட்ட மட்டும் ஊற்றுகிறார். இட்லியை அதில் ஊறவிட்டு, விரலால் கிள்ளி, சட்னியோடு வழித்துச் சாப்பிடுவதுதான் அங்கே முறை. நின்று சாப்பிடும் பழக்கத்துக்குத் தர்ஷினி ஓர் ஒழுங்கையும் பெயரையும் கொடுத்தது. நாற்காலி போட இடமில்லாத சின்னக் கடைகளின் வாசலில் அதன் வேர் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

இன்னும் பின்னால் போனேன். போகப் போக நாற்காலிகள் திரும்பி வந்தன. வித்யார்த்தி பவன் 1943இல் தொடங்கியது, பெயரே மாணவர்களை அழைக்கிறது. சுவரில் கன்னட எழுத்தாளர்களின் உருவங்கள், வெள்ளை வேட்டியில் பரிமாறுபவர்கள். ஒரே கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு மேசைகளுக்கிடையே நுழைந்து வருவார்கள். பார்ப்பவருக்குத்தான் மூச்சு நிற்கும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, நெய்யின் பளபளப்பு. மசாலாவைத் தோசைதான் சுமக்கிறது, மறைப்பதில்லை. அங்கேயும் முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர்ந்தேன். எதிரில் இருந்தவர் ஒரு வார்த்தையும் பேசாமல் தண்ணீர் ஜாடியை என் பக்கம் தள்ளினார்.

அதற்கும் முன்னால் 1924. பரம்பள்ளி யக்ஞநாராயண மையாவும் அவருடைய சகோதரர்களும் தொடங்கிய கடையின் அன்றைய பெயர் 'பிராமின் காபி கிளப்'. 1960இல்தான் அது லால்பாக் சாலைக்கு வந்து மாவள்ளி டிபன் ரூம் ஆனது. 'கிளப்' என்ற சொல்லைப் படித்ததும் தாத்தாவின் குரல் கேட்டது. கடைசிவரை அவர் ஹோட்டல் என்று சொன்னதே இல்லை, 'கிளப்புக் கடை' என்றுதான் சொல்வார். மன்னார்குடிக் கிளப்புக் கடையும் பெங்களூர்க் காபி கிளப்பும் ஒரு காலத்துப் பிள்ளைகள்.

எம்.டி.ஆரில் நான் கேட்டது ரவா இட்லி. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்றது. அந்தத் தட்டுப்பாட்டில் அரிசிக்குப் பதில் ரவையை வைத்து அங்கே செய்து பார்த்ததுதான் ரவா இட்லி என்பது அந்தக் கடையின் வரலாறு. கடுகு தாளித்த ரவை தயிரில் ஊறி, ஆவியில் வெந்து, உச்சியில் ஒரு முந்திரியோடு வந்தது. கூடவே உருளைக்கிழங்கு சாகு, சின்னக் கிண்ணத்தில் நெய். விரல் பட்டதும் மணல் மணலாக உதிர்ந்து நெய்யைக் குடித்தது. பஞ்சத்தில் பிறந்த பண்டம் இது என்று நாக்கு நம்ப மறுத்தது.

அங்கே என் தேடலுக்கு இன்னொரு இழையும் கிடைத்தது. 1951இல் யக்ஞநாராயண மையா ஐரோப்பாவுக்குப் போய் அங்கே உணவகங்கள் நடக்கும் முறையைப் பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு அந்தக் கடையில் சுத்தம் ஒரு விரதமாகவே ஆனது. நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு நிர்ணயித்த விலையில் அந்தத் தரத்தைக் கொடுக்க முடியாமல் கடையையே மூடினார்கள். ஊழியர்களை விடாமல் காக்கத்தான் பக்கத்திலேயே ரவா இட்லி மாவு போன்ற பொட்டலங்களை விற்க ஆரம்பித்தார்கள். குறைந்த விலையில் சுத்தமான உணவை எப்படிக் கொடுப்பது என்பது அப்போது விடை கிடைக்காத கணக்கு. சில ஆண்டுகளில் ஜெயநகரில் நாற்காலியை அகற்றி அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

மையாக்கள், எங்கள் பட்ரே, சென்னையில் உட்லண்ட்ஸை உருவாக்கிய கடந்தலே கிருஷ்ண ராவ் எல்லோரும் ஒரே கடற்கரைச் சீமையிலிருந்து வந்தவர்கள். 1956 வரை அந்தத் தென் கன்னடம் சென்னையோடு சேர்ந்திருந்தது. அதனால்தான் 'உடுப்பி ஹோட்டல்' நமக்கும் சொந்த வார்த்தையாயிற்று. உடுப்பியில் மத்வர் 13ஆம் நூற்றாண்டில் நிறுவிய எட்டு மடங்களும் கிருஷ்ணன் கோயிலை முறை வைத்து நடத்துகின்றன. ஒரு முறைக்கு இரண்டு வருஷம். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுவது அந்த முறையின் பெரிய கடமை. நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் சமைத்துப் பரிமாறும் கை அங்கே பழகியது. பிறகு அது ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தது.

இந்த இடத்தில் என் தேடல் என்னைத் தடுத்து நிறுத்தியது. சோறு எல்லோருக்கும் உண்டு. ஆனால் யார் எந்தப் பந்தியில் உட்காருவது? உடுப்பியின் பந்தி பேதத்தை எதிர்த்து அண்மைக் காலம் வரை போராட்டங்கள் நடந்திருக்கின்றன. பழைய காபி கிளப்புகளிலும் பிராமணர்க்கு உள்ளே தனி இடம், மற்றவர்க்கு வேறு இடம் என்ற ஏற்பாடு பரவலாக இருந்தது. 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகையை எதிர்த்து 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் திராவிடர் கழகம் நடத்திய மறியல் நமக்குத் தெரிந்த கதை. ஆக, அந்தக் காலத்து உட்காரும் இடம் வெறும் மரம் மட்டும் இல்லை. நீ யார் என்று கேட்டுவிட்டுத்தான் அது இடம் கொடுத்தது.

என்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள், வேறு வார்த்தையில். எத்தனை பேர்? கூட யார்? ஃபேமிலியா?

தர்ஷினியை ஆரம்பித்தவர்கள் சமத்துவத்துக்காக நாற்காலியை எடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வாடகைக்காகவும் வேகத்துக்காகவும் எடுத்தார்கள். சங்கரபுரத்துக் கடையின் பலகையில் சாதிப் பெயர் இன்றும் இருக்கிறது, அதைப் பார்க்காததுபோல நான் எழுதவும் முடியாது. ஆனாலும் நாற்காலி போனபோது அதோடு சேர்ந்து ஒரு கேள்வியும் போய்விட்டது. வட்ட மேசைக்குத் தலைமாடு கால்மாடு இல்லை, உள்ளே வெளியே இல்லை. டோக்கன் இருந்தால் போதும். இருபத்திரண்டு வயதில் ஒற்றைப் பையோடு வந்த நான் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் வயிறு நிறைய முடிந்ததற்கு அதுதான் காரணம். அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்தது.

சாமான் கட்ட உதவுகிறேன் என்று அம்மாவும் கடைசி வாரம் வந்திருந்தாள். கிளம்பும் நாள் காலையில் வீட்டில் அடுப்பு இல்லை. தெருமுனைக்கு அழைத்துப் போனேன். இப்போது கடையில் வயதானவர்களுக்கென்று ஓரமாக நாலு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். காட்டினேன். "வேணாம், பத்து நிமிஷம்தானே" என்று மேசையைப் பிடித்துக்கொண்டாள். பட்ரே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கேட்காமலே இரண்டாவது வடையைத் தட்டில் வைத்தார். நாங்கள் ஒரு காபியைப் 'பை டூ' வாங்கிக்கொண்டோம். என் பதிலை அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பெண் தட்டை ஏந்தியபடி இடம் தேடி வந்தாள். இருபது, இருபத்தொன்று இருக்கும். முதுகில் பெரிய பை. எல்லா மேசையும் நிறைந்திருந்தது. எங்கள் மேசையருகே தயங்கி நின்று, கன்னடத்தில் இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடக் கன்னடம் தெரியாது. தன் காபித் தம்ளரை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு தட்டை. ஒரு சாண் இடம் கிடைத்தது.

"பன்னி" என்றேன் நான். வாருங்கள். அவள் தட்டை வைத்தாள். பையைக் கழற்றிக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.