வீராணத்தில் மேற்கே உதிக்கும் சூரியன்

பறவைப் படத்துக்கு வெளிச்சம் போடுவது இப்போது ஐந்து நிமிட வேலை. லைட்ரூமில் ஒரு ரேடியல் மாஸ்க் போட்டு, டீஹேஸைக் குறைத்து, வெப்பத்தைக் கூட்டினால் கொக்கின் முதுகுக்குப் பின்னால் பொன்னொளி வந்துவிடுகிறது. இப்படிச் செய்பவர்களில் பலர் கல்யாண ஆல்பம் வேலையிலிருந்து வந்தவர்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வைத்த அதே பிரீசெட்டைப் பறவைக்கும் வைக்கிறார்கள். புகைப்படப் போட்டிகளின் தேர்வுக்குழுக்களும் பரிசு கொடுத்து அதற்குத் தலையாட்டுகின்றன. வெளிச்சத்தை எடிட்டிங்கில் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பறவைமேல் விழுந்த ஒளியைத் துலக்கலாம். விழாத ஒளியை வரைவது வேறு தொழில்.

வீராணத்தையே எடுத்துக்கொள்வோம். ஏரிக்கரைச் சாலை கிழக்குக் கரையில் போகிறது. புவனகிரியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் காலையில் போகிறவர்கள் அங்கே நின்று மேற்கே பார்த்துத்தான் எடுக்க முடியும். மார்கழியில் இங்கே சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கும். அதாவது ஒளி நம் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரும். அப்படி எடுத்த படத்தில் நாரையின் பின்விளிம்பு ஜொலித்தால், காலை ஏழு மணிக்குச் சூரியன் மேற்கே ஸ்ரீமுஷ்ணம் பக்கம் உதித்திருக்க வேண்டும்! பறவையின் கண்ணிலுள்ள கேட்ச்லைட்டோ சூரியன் எங்கே இருந்தது என்று அப்போதும் சரியாகத்தான் காட்டும். அந்தப் புள்ளியைப் பார்க்காமலேயே மதிப்பெண் போடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினம் வெள்ளைக் கொக்கு. வெயில் ஏறியதும் மார்பும் கழுத்தும் வெளுத்து, ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் போய் முட்டும். 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு சானலுக்கும் 16,384 படிகள், ஜேபெக்கில் 256. உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே எடுத்திருந்தால் இறகின் வரிகளை மீட்கலாம். சென்சார் நிரம்பிவிட்டால் எந்த மென்பொருளாலும் முடியாது. அதிலும் சிக்கலானது நிறம். வெள்ளை இறகு தன்னைச் சுற்றியுள்ளதையெல்லாம் வாங்கிக் காட்டும்: வெயில் படும் பக்கம் மஞ்சள், நிழல் பக்கம் வானத்தின் நீலம், வயிற்றடியில் தண்ணீரும் நாணலும் எதிரொளிக்கும் பசுமை. பின்னணியில் மட்டும் மாலைச் செம்மையை ஏற்றிவிட்டு அந்த நீலத்தையும் பசுமையையும் அப்படியே விட்டால் கொக்கு ஒட்டவைத்ததுபோல் நிற்கும். அதை மறைக்கக் கொக்கின்மேலும் செம்மை பூசினால், பாடுபட்டு மீட்ட வரிகள் மூழ்கிப்போகும். கர்வ்ஸை நிழலுக்கும் ஒளிக்கும் தனித்தனி மாஸ்க்கில் வைத்து, நிழலின் நீலத்தைக் காப்பாற்றிக்கொண்டே மார்பைத் துலக்குவதற்குப் பொறுமை வேண்டும். அதற்குப் பிரீசெட் கிடையாது. பனங்காடையின் கதை வேறு. அதன் சிறகின் நீலம் நிறமி அல்ல, இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. பின்னொளி மட்டும் இருந்தால் அது மங்கிவிடும். பின்னால் சூரியனை வரைந்துவிட்டு நீலத்தையும் பளிச்சென்று விடுபவர் அந்தப் பறவையைப் பார்த்ததே இல்லை.

இருட்டறைக் காலத்திலும் டாட்ஜிங், பர்னிங் இருந்ததே என்பார்கள். இருந்தது. ஆனால் அது நெகட்டிவில் பதிந்ததைக் கூட்டிக் குறைத்ததே தவிர, புதிய விளக்கை ஏற்றவில்லை. டி.என்.ஏ. பெருமாள் போன்ற காட்டுயிர்ப் புகைப்படக்காரர்கள் ஃபிளாஷ் போட்டு எடுக்கவில்லையா என்பது அடுத்த கேள்வி. அந்த ஒளி செயற்கைதான், ஆனாலும் பறவையின்மேல் உண்மையாகவே விழுந்தது, நிழலும் அதற்கேற்றபடி விழுந்தது. கூட்டருகே ஃபிளாஷ் போடுவது பறவையை அலைக்கழிக்கும், மென்பொருள் எந்தக் குஞ்சையும் பயமுறுத்தாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அதற்கு விடை, விடியலில் போய்க் காத்திருப்பது. போனில் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்பதற்குப் பதிலே சொல்ல வேண்டியதில்லை. தேர்வுக்குழுவுக்குத் தெரிந்தால் போதும். அலங்காரப் படம் என்று தனிப்பிரிவு வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இயற்கைப் பிரிவில் அதைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் உறுத்துகிறது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வருகிறவர்களிடம் ரா ஃபைலைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கிறார்கள். நம் பக்கம் அதைச் சொன்னால் படங்கள் வராது என்று தயங்குகிறார்கள். நுழைவுக் கட்டணம் குறையும் என்பதுதான் கவலையென்றால், விதிமுறையில் அதையும் எழுதிவிடலாம்.