இதயமும் ஒரு குப்பி மாத்திரையும்

எருதின் பித்தநீருக்கும் மனிதனின் இதயத்துக்கும் தொடர்புண்டு என்றால் நம்புவார் சிலரே. 1827ஆம் ஆண்டில் தீடமன், மெலின் என்னும் ஜேர்மனிய விஞ்ஞானிகள் எருதின் பித்தநீரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையொட்டி அது 'டோரின்' எனப் பெயர் பெற்றது. புரதங்களைக் கட்டுவதில் அதற்குப் பங்கில்லை. ஆயினும் இதயத் தசையில் மிகுந்து காணப்படுகின்றது. கலத்தினுள் நீரின் அளவையும் கல்சியத்தின் போக்குவரவையும் சீராக்க உதவுகின்றது. இழைமணிகள் சக்தியை ஆக்கவும் துணைநிற்கின்றது.

இவற்றையெல்லாம் நாம் தேடிப் படித்தமைக்குக் காரணம் உண்டு. இதயநோயுற்ற எமது தந்தையாருக்கெனக் கனடாவிலிருக்கும் தம்பி இம்மாத்திரைக் குப்பியொன்றை அனுப்பியிருந்தான். காலையும் மாலையும் பல மாத்திரைகளை விழுங்கிச் சலித்த தந்தையார், "இனி இது ஒன்றே போதும், மற்றவற்றை நிறுத்திவிடுவோம்" என்றார். தங்கையும் அதற்கு இசைந்தாள். எமக்கோ உள்ளம் துணியவில்லை.

பூனையின் உடல் டோரினைப் போதியளவு ஆக்கமாட்டாது. உணவில் இது குறைந்தால் பூனையின் இதயம் விரிந்து தளரும் என்பதும், சேர்த்துக் கொடுத்தால் தேறும் என்பதும் 1987இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வினால் வெளியாயின. மனிதனோ பூனையல்லன், நமது ஈரல் இதனை ஆக்கவல்லது. டோரின் ஊட்டப்பெற்ற சுண்டெலிகள் நீண்டு வாழ்ந்தன என்றும், முதுமையில் குருதியில் இது குறைகின்றது என்றும் 2023இல் ஓர் ஆய்வு கூறிற்று. வயதோடு இது குறைவதாகக் கொள்ளவியலாது என 2025இல் வேறோர் ஆய்வு மறுத்தது. அறிஞரே வாதிடும் பொருளை நம்பிக் கைகண்ட மருந்தைக் கைவிடலாமா?

தந்தையாரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். "ஐயா, இதயத்துக்குத் தந்த மாத்திரையை ஒருநாளும் தாமாக நிறுத்தலாகாது" என்றார் அவர். தந்தையார் மறுமொழி கூறாது தலையசைத்தார்.

டோரினை நாடுவோர் குப்பியைத்தான் தேடவேண்டுமென்பதில்லை. நண்டு, கணவாய், இறால், மட்டி, மீன் ஆகியவற்றில் இது நிறைய உண்டு. இது நீரிற் கரைவது. ஆதலால் அவித்த நீரைக் கொட்டுவோர் இதன் ஒரு பகுதியையும் கொட்டுகின்றனர். ஒடியல் மாவுடன் இவற்றைக் கூட்டிக் காய்ச்சி, நீரோடு பருகும் யாழ்ப்பாணத்துக் கூழில் அவ்விழப்பு இல்லை. இதயநோயாளர் உப்பை மட்டும் குறைத்துக்கொள்க. உணவு உணவாகட்டும்; மருந்து மருந்தாகட்டும்.