எழும்பூர் விடியலும் சர்க்கரை தொட்ட மூணு இட்லியும்!

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு விடியற்காலையில் போய் நின்றால், தமிழ்நாட்டின் தென்பாதி தூக்கக் கலக்கத்தோடு அங்கே இறங்கிக்கொண்டிருக்கும். பாண்டியன், மலைக்கோட்டை, முத்துநகர் என்று ஒன்றன் பின் ஒன்றாக வண்டிகள் வந்து நிற்கும். கல்யாணத்துக்கு வருபவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள், இன்டர்வியூவுக்கு வருபவர்கள்... சனி, ஞாயிறு என்றால் இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொள்ளும். தோளில் பெரிய பை, முதுகில் மாவட்டத்தின் பெயர் போட்ட டிராக் சூட். போட்டிக்கு வரும் பிள்ளைகள்.

இவர்களில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது சுலபம். வயதுக்குக் கொஞ்சம் சின்ன உருவம். ஒரு முடிகூட வெளியே வராதபடி ஜெல் தடவி இழுத்துக் கட்டிய கொண்டை. கம்பி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. கூடவே, மகளின் பையைவிடப் பெரிய சாப்பாட்டுப் பையோடு ஓர் அம்மா.

காலை 8.30-க்குப் போட்டி. ஏழு மணிக்கெல்லாம் அரங்கத்தில் பெயர் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் பிள்ளைக்கு எங்கே, எப்போது, என்ன சாப்பிடக் கொடுப்பது? வெளியூரிலிருந்து வரும் குடும்பங்களுக்கு முதல் போட்டியே இதுதான். இதற்கு அவர்கள் எப்படி விடை தேடுகிறார்கள் என்று பார்க்க, மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மாவோடும் அவருடைய ஒன்பது வயது மகளோடும் ஒரு சனிக்கிழமை எழும்பூரிலிருந்து பெரியமேடு வரை நடந்தேன்.

அம்மா போடும் நேரக் கணக்கு

"எட்டரைக்குப் போட்டின்னா ஆறு மணிக்குள்ள சாப்பிட்டு முடிச்சிரணும் தம்பி. அதுக்கு மேல போனா சாப்பாடு வயித்துல அப்படியே நிக்கும். அதுக்காக ஒண்ணுமே குடுக்காம விட்டா, மேல ஏறுனதும் கண்ணைக் கட்டும்" என்கிறார் அந்த அம்மா. பிளாட்பார பெஞ்சில் மகளை உட்கார வைத்து, ஹேர்பின்களை வாயில் கவ்விக்கொண்டே பேசுகிறார்.

விளையாட்டு உணவியல் நிபுணர்கள் சொல்வதும் இதே கணக்குதான். போட்டிக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு சாப்பாடு. ஒரு மணி நேரம் முன்பு வேண்டுமானால் வாழைப்பழம் மாதிரி சின்னதாக ஏதாவது. நடுநடுவே தண்ணீர், மடக்கு மடக்காக.

காரணம் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு ரயிலில் சாப்பிட்ட பிள்ளை, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போட்டியில் இறங்கினால் 12 மணி நேரப் பட்டினி. இரவெல்லாம் உடம்பை ஓட்டுவது கல்லீரல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை. விடியும்போது அந்தச் சேமிப்பு வெகுவாகக் கரைந்திருக்கும். மூளைக்கும் அதே சர்க்கரைதான் வேண்டும். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் 'பீம்' என்று ஒரு கருவி உண்டு. ஐந்து மீட்டர் நீளம், 1.25 மீட்டர் உயரம், அகலம் வெறும் 10 சென்டிமீட்டர். அதன் மேல் ஒரு பிள்ளை குட்டிக்கரணம் அடிக்கிறாள் என்றால், பசியில் வரும் லேசான கிறுகிறுப்பே அவளைக் கீழே தள்ளப் போதும்.

வயிறு நிரம்பியிருந்தாலும் ஆபத்துதான். கம்பியில் சுற்றும்போது இடுப்பும் அடிவயிறும் கம்பியின் மேல் அழுந்தும். தரையிலும் பாதி நேரம் தலைகீழ். தின்றதெல்லாம் தொண்டைக்கு வரும்.

பொடி இட்லி ரயிலோடு சரி

சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டினார். வாழை இலையில் மடித்த பொடி இட்லி, நல்லெண்ணெய் வாசனையோடு இரண்டு மிச்சம் இருந்தது. "இது நேத்து ராத்திரிக்கு வச்சது. காலையில இதக் குடுக்க மாட்டேன். எண்ணெயும் காரமும் ஆகாது. வெயில் காலத்துல புளிச்சும் போயிரும்."

எண்ணெய், நெய் சேர்ந்த உணவு இரைப்பையைவிட்டு இறங்கவே நேரமாகும். அதனால்தான் நமக்குப் பிடித்த பொங்கல் வடையும் பூரி கிழங்கும் போட்டி நாள் காலையில் பட்டியலிலேயே கிடையாது. பால் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு மந்தம் தட்டும். அது அம்மாவுக்குத்தான் தெரியும். வீட்டில் என்றும் சாப்பிடாத ஒன்றை, தெம்பாக இருக்கட்டும் என்று அன்றைக்குப் பார்த்து முதல்முறையாகக் கொடுப்பதுதான் பெரிய தப்பு.

பையில் வேறு என்ன இருந்தது? வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இரண்டு பாட்டில், நாலு வாழைப்பழம், ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை. "சர்க்கரை எதுக்கு?" என்றேன். "கடைக்கு வாங்க, சொல்றேன்" என்றார்.

பெரியமேட்டில் முதல் ஈடு

எழும்பூர் நிலையத்தின் செங்கல் நிறக் கட்டடம் 1908-ல் திறக்கப்பட்டது. அதன் பின்பக்கமாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தொட்டுவிட்டால், பெரியமேடு நடக்கிற தூரம்தான். தோல் வியாபாரத்துக்குப் பேர்போன பேட்டை. சென்ட்ரலில் இறங்குபவர்களுக்கும் இது பக்கம். அதனால் சேரனிலும் ஏற்காடு எக்ஸ்பிரஸிலும் வரும் கொங்கு, சேலம் பக்கத்துப் பிள்ளைகளும் இங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள்.

பெரியமேட்டின் அடையாளம் நேரு ஸ்டேடியம். இப்போதிருக்கும் அரங்கம் 1993-ல் வந்தது. அதற்கு முன்பு இங்கே இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் 1956-ல் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நின்ற சாதனை அது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் தலைமை அலுவலகமும் இங்கேதான். எந்த விளையாட்டுக்காரராக இருந்தாலும் என்றைக்காவது ஒரு நாள் இந்தத் தெருக்களில் நடந்திருப்பார்.

ஆனால், விடியற்காலை ஐந்து மணிக்கு இந்தத் தெருக்களில் என்ன கிடைக்கும்? டீக்கடை திறந்திருக்கும். டீ, பன், பிஸ்கட், பொரித்த வடை. ஒரு ரூபாய்க்கு இட்லி தரும் அம்மா உணவகங்கள் 2013-ல் தொடங்கின. மாணவர்களுக்கு அவை பெரிய உதவி. ஆனால் அங்கே காலை உணவு ஏழு மணிக்கு. ஏழு மணிக்குப் பிள்ளை அரங்கத்தில் நிற்க வேண்டும்.

கைகொடுப்பது தள்ளுவண்டிக் கடைகள்தான். ஒரு சந்து முனையில் இட்லி குண்டானிலிருந்து ஆவி பறந்தது. "முதல் ஈடு இறங்கிச்சு, குந்து கண்ணு" என்று ஸ்டூலைத் தள்ளினார் கடைக்கார அக்கா. அந்த அம்மா சாம்பாரையும் சட்னியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தட்டில் விழுந்த மூன்று இட்லிகளின் ஓரத்தில் டப்பாவிலிருந்த சர்க்கரையைக் கொட்டினார்.

"சின்னப் புள்ளைக்குச் சோறூட்டுற மாதிரிதான். காரம் இல்ல, எண்ணெய் இல்ல. தெரியாத ஊருச் சட்னி வயித்தக் கலக்கிருச்சுன்னா ஒரு வருச ப்ராக்டீஸ் போச்சு. இட்லிய மட்டும் எந்த ஊருலயும் நம்பலாம்."

மகள் பேசாமல் மூன்றையும் சாப்பிட்டாள். மணி 5.40.

"வயிறு தெரியும்ப்பா"

அதே கடையில், பக்கத்து ஸ்டூலில் இன்னொரு பிள்ளை. பன்னிரண்டு வயதிருக்கும். சேலம் பக்கத்திலிருந்து அப்பாவோடு வந்திருந்தாள். முன்னால் இருந்த தட்டைத் தொடவே இல்லை.

"ரெண்டு வாயாவது சாப்புடு கண்ணு" என்று அப்பா கெஞ்சினார். தலையை ஆட்டினாள். "ஏன் சாமி, ஒடம்புக்கு முடியலயா?" அதற்கும் இல்லை. கடைசியில், எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, குனிந்துகொண்டு சொன்னாள். "சாப்பிட்டா டிரஸ்ல வயிறு தெரியும்ப்பா. சீனியர் அக்காங்க யாரும் சாப்பிட மாட்டாங்க."

அந்த அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இட்லி வாங்கிக் கொடுக்கத் தெரிந்த மனிதருக்கு, மகளின் வயிற்றைப் பற்றி மகளிடம் பேசத் தெரியவில்லை. எத்தனை அப்பாக்களுக்குத் தெரியும்?

இது ஏதோ ஒரு பிள்ளையின் பிடிவாதம் இல்லை. உடம்போடு ஒட்டிய 'லியோடார்ட்' உடையும், சின்ன உருவமே அழகு என்ற நினைப்பும் இந்த விளையாட்டில் உலகம் முழுக்க உண்டாக்கிய பயம் இது. அமெரிக்க ஜிம்னாஸ்ட் கிறிஸ்டி ஹென்ரிச், எடையைக் குறைக்கச் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, அதுவே நோயாகி, 1994-ல் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 22 மட்டுமே. 1997-ல் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு, சீனியர் போட்டிகளுக்கான பெண்களின் குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 16 ஆக உயர்த்தியது. வளர்கிற உடம்புக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும் முயற்சி அது.

உடம்பு செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு கிடைக்காவிட்டால் என்னவெல்லாம் கெடும் என்பதை 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. எலும்பு பலவீனமாகும், அடிக்கடி காயம்படும், எதிர்ப்புசக்தி குறையும், மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். நம் வீடுகளில் "விளையாடுற புள்ள, லேட்டாத்தான் வயசுக்கு வருவா" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். 15 வயதாகியும் பூப்படையவில்லை என்றால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லியிருக்கலாம். நடுவர்களின் மதிப்பெண் தாளில் வயிற்றுக்கென்று ஒரு கட்டம் கிடையாது. செய்யும் வித்தை எவ்வளவு கடினம், அதை எவ்வளவு சுத்தமாகச் செய்தாள் என்ற இரண்டு கணக்குதான். சின்னப் பிசகுக்கு 0.1 போகும். கருவியிலிருந்து விழுந்தால் முழுசாக ஒரு புள்ளி போகும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அகர்தலா பெண் தீபா கர்மாகர் 0.15 புள்ளியில்தான் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவது இடம் பிடித்தார். இவ்வளவு நுணுக்கமான விளையாட்டில், பசியால் வரும் ஒரு தள்ளாட்டம் வயிற்றைவிட நன்றாகவே நடுவர் கண்ணுக்குத் தெரியும்.

இதையெல்லாம் அங்கே யாரும் சொல்லவில்லை. பேசியது கடைக்கார அக்காதான். "ஓடறதுக்கு, குதிக்கறதுக்குன்னு எத்தினி புள்ளைங்க இங்க வருது. துன்னாத்தான கண்ணு குதிக்க முடியும்?"

அடுத்துப் பேசியது மதுரைப் பிள்ளை. சர்க்கரை டப்பாவை அந்தப் பக்கம் நகர்த்தினாள். "நான் மூணு சாப்பிட்டேன்க்கா. பீம்ல தலை சுத்துனா பயமா இருக்கும்ல?"

பெரியவள் சிறியவளைப் பார்த்தாள். அப்புறம் இட்லியில் ஒரு விள்ளலைப் பிய்த்துச் சர்க்கரையில் தொட்டாள். ஒன்றரை இட்லி உள்ளே போனது. அப்பா தட்டையே பார்க்காத மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

10 சென்டிமீட்டர்

ஏழு மணிக்கு அரங்க வாசலில் பெற்றோரை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் உள்ளே. ஏழரைக்கு மதுரை அம்மா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். மகள் புரிந்துகொண்டு பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துப் பாதி தின்றுவிட்டு மீதியை மடித்து வைத்தாள்.

பீமில் ஏறியவள் ஒரு திருப்பத்தில் தடுமாறினாள். கை இரண்டும் காற்றில் துழாவின. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, எப்படியோ நிமிர்ந்து கடைசி வரை முடித்துவிட்டு இறங்கினாள். பதக்கம் இல்லை. "விழலைல்ல, அது போதும்" என்றார் அம்மா.

வெளியே வந்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி, "இப்ப பூரி திங்கலாமா?"

"இப்ப ரெண்டு செட்டே தின்னு ஆத்தா."

போட்டி முடிந்த பிறகு வயிறாரச் சாப்பிடுவதும் முக்கியம்தான். களைத்த தசை தேறுவதற்குச் சாதமோ டிபனோ, கூடவே முட்டை, பருப்பு, தயிர் என்று ஏதாவது ஒன்று. காலையில் ஒதுக்கி வைத்ததெல்லாம் இப்போது தாராளமாகத் தரலாம்.

சேலத்துப் பிள்ளையின் போட்டி முடிய மதியம் ஆகிவிட்டது. எந்த இடம் வந்தாள் என்று எனக்குத் தெரியாது. வெயிலில் காத்திருந்த அப்பாவிடம் வந்து நின்றவள், பையைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"பசிக்குதுப்பா."

அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "என்ன சாமி வேணும்? என்ன வேணும் சொல்லு" என்றபடி, அவள் பதில் சொல்லும் முன்பே சாலையைக் கடக்கத் தொடங்கிவிட்டார்.