கிணற்றடிக் கற்பூரவள்ளி

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியில் தருமபுரத்தைத் தாண்டினால் விசுவமடு. அங்கே ஓர் ஒழுங்கையில் வசிக்கும் அக்கா ஒருவரின் வளவுக்குப் போயிருந்தேன். 2009இல் கணவரை இழந்தவர். செட்டிகுளம் முகாமிலிருந்து 2011இல் திரும்பியபோது வீட்டின் அத்திவாரமும் கிணறுமே மிஞ்சியிருந்தன. முகாமில் பால்பேணியில் வளர்த்த கற்பூரவள்ளியின் ஒரு தடியைக் கிணற்றடியில் ஊன்றினார். இன்று அது பாத்தி நிறையப் படர்ந்திருக்கிறது. பக்கத்தில் துளசியும் புதினாவும் நிற்கின்றன.

மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். துளசித் தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், நான்கு மூலை தெரியும். இவற்றில் ரோஸ்மரினிக் அமிலம் உண்டு. 1958இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ரோஸ்மேரிச் செடியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அது ஓர் அன்ரிஒக்சிடன்ட். வெட்டிய கத்தரிக்காய் காற்றுப் பட்டுக் கறுப்பது ஒட்சியேற்றத்தால்தான். நமது உடற் கலங்களும் ஒட்சியேற்றத்தால் பழுதடைகின்றன. அதைத் தணிக்கக் கூடியவையே அன்ரிஒக்சிடன்ட்கள். ஆனால் ஆய்வுகூடத்தில் கண்ட பலனை வைத்து, இலைச்சாறு நோயை மாற்றிவிடும் என்று நம்பிவிடக் கூடாது.

அக்காவின் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. முகம் வெளிறியிருந்தது. “கிளினிக்கில தந்த குளிசை ஒழுங்காப் போடுறாள் தங்கச்சி. ஆனா இரத்தம் கூடுதில்லை” என்றார் அக்கா. எதோடு போடுகிறாள் என்று கேட்டேன். “சாப்பிட்ட கையோட புதினாத் தண்ணியோட. சத்துத்தானே?”

அங்கேதான் சிக்கல். புதினாவின் அதே நற்பொருள்கள் குடலில் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு குடித்த மிளகுப்புதினாத் தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதை 84 சதவீதம் குறைத்தது. சாயத்தேநீரும் ஏறக்குறைய அப்படியே.

ஆகவே சகோதரிகளே, இலைத் தேநீரோ சாயத்தேநீரோ, சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். குளிசையைத் தண்ணீரோடு எடுங்கள். தேசிக்காய்ப்புளி, நெல்லிக்காய் ஆகியவை இரும்பு சேர உதவும். களைப்பும் வெளிறலும் தொடர்ந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி இரத்தம் பரிசோதியுங்கள்.

“அப்ப இதைப் பிடுங்கிறதோ?” என்று அக்கா பாத்தியைப் பார்த்தார். வேண்டாம், பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சிரித்தபடி ஒரு கற்பூரவள்ளித் தடியை முறித்துக் கடதாசியில் சுற்றித் தந்தார். இப்போது அது எங்கள் வீட்டுக் கிணற்றடியில் துளிர்த்திருக்கிறது.