வலது திருப்பத்தில் ஒரு சத்தம்

பித்தளைத் தாயக்கட்டைகள் உள்ளங்கைக்குள் உரசுகிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம். கோயம்புத்தூரில் எங்கள் தெருமுனையில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வரும். டக், டக், டக். வண்டி நேரானதும் அடங்கிவிடும்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன்பக்க சஸ்பென்ஷன் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள். பதினோரு வருடம் எங்களைச் சுமந்த வண்டி. எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே மருந்து எழுதிக்கொடுத்ததுபோல் மனம் ஒப்பவில்லை. சத்தம் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூட மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஒரு வாரம் கவனித்தேன். டயர் இடுக்கில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. வீல் கப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினேன், சத்தம் இருந்தது. வண்டியை நிறுத்தியபடி ஸ்டியரிங்கை மட்டும் இரு பக்கமும் திருப்பினேன், சத்தம் இல்லை. ஸ்ட்ரட் மவுன்ட் கெட்டிருந்தால் பெரும்பாலும் அப்போதே முனகியிருக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கினேன். ‘டொக்’ என்று எதுவும் இடிக்கவில்லை. வீல் பேரிங் போனால் கேட்கும் ‘ஊ’ என்ற இரைச்சலும் இல்லை. ஒன்று மட்டும் பிடிபட்டது: திருப்பத்தில் வேகம் கூடினால் தட்டலும் நெருக்கமாகிறது. அப்படியானால் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்றுதான்.

இதைச் சொன்னதும், உக்கடம் பக்கம் சின்ன ஷெட் வைத்திருக்கும் பெரியவர் சாவியை வாங்கிக்கொண்டார். “வாங்க தம்பி, காலியா இருக்கிற இடத்துக்குப் போய் வட்டம் அடிச்சுப் பார்க்கலாம்.” மைதானத்தில் இடப்பக்கமாக முழு வட்டம், அமைதி. வலப்பக்கமாக வட்டம் போட்டு லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தார், தாயக்கட்டை உருண்டது. “வலது பக்கம் திரும்பறப்ப பாரம் இடது சக்கரத்து மேல சாயுதுங்க. பெரும்பாலும் இடது ஆக்சில் முனையில இருக்கிற ஜாயின்ட்டாத்தான் இருக்கும். ஆனா ரெண்டையும் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்.”

ஜாக்கி போட்டுத் தூக்கினார். இடது ரிம்மின் உட்புறத்தில் கறுப்பாக ஒரு வில் வரைந்ததுபோல் கிரீஸ் தெறித்திருந்தது. ஆக்சில் முனையை மூடியிருக்கும் ரப்பர் பூட்டை அவர் விரலால் மடக்கினார். இரண்டு மடிப்புகளுக்கு நடுவே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். சக்கரம் சுழலச் சுழலக் கிரீஸ் அதன் வழியே வெளியேறியிருக்கிறது. அதே வழியே மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போயிருக்கின்றன.

தரையில் இருக்கும்போதே தளர்த்தியிருந்த ஹப் நட்டைக் கழற்றி, கீழே பால் ஜாயின்ட்டைப் பிரித்து, ஆக்சிலை உருவினார். ஜாயின்ட்டைத் தட்டி எடுத்து டீசலில் கழுவினார். “நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க.” கிண்ணம் போன்ற உறைக்குள், பால்ரஸ் குண்டுகள் ஓடும் பள்ளத்தில் நகத்தை ஓட்டினேன். வழவழவென்று போய், ஓரிடத்தில் தடுக்கியது. அம்மைத் தழும்பு மாதிரி ஒரு குழி. குண்டு அந்தக் குழியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு ‘டக்’.

புது ஜாயின்ட்டுக்குள் மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸை அடைத்து, புது பூட் மாட்டி, கிளாம்ப் இறுக்கினார். இப்படியே ஓட்டியிருந்தால் ஒரு நாள் ஜாயின்ட் உடைந்து, இன்ஜின் ஓடியும் வண்டி நடுவழியில் நகராமல் நின்றிருக்கும் என்றார்.

பழையதைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சத்தத்தின் மூலம் தெரிந்துவிட்டது. இந்தப் பொருளின் மூலம் என்ன என்ற கேள்வி விடவில்லை. அம்பாசிடரில் பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளின. முன் சக்கரங்கள் திரும்ப மட்டும் செய்தன. அதன் ஷாஃப்ட்டுக்கு, 17ஆம் நூற்றாண்டின் ராபர்ட் ஹூக் பெயரால் வழங்கும் ‘கிராஸ்’ இணைப்பு போதுமானதாக இருந்தது. ஆனால் 30 டிகிரி மடக்கினால் அந்த இணைப்பு தடுமாறும். உள்ளே வருகிற வேகம் சீராக இருந்தாலும், வெளியே போகிற வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை சுமார் 15 சதவீதம் ஏறி, 13 சதவீதம் இறங்கும். இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்கிற முன் சக்கரத்துக்கு அது ஒத்துவராது. ஸ்டியரிங் கையில் உதறும்.

1920களில் இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் ரெப்பா என்ற பொறியாளர். உள்வளையம், வெளிக்கிண்ணம், நடுவே ஒரு கூண்டில் ஆறு எஃகுக் குண்டுகள். ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் மடங்கினாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும். அதனால் இருபுறமும் ஒரே வேகம். 1959இல் வந்த மினி கார் இந்த வகை ஜாயின்ட்டைச் சாதாரணக் குடும்பங்களின் வண்டிக்குக் கொண்டுவந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முன் சக்கர இழுவையை நம் தெருக்களில் பரப்பியது. மேஜைமேல் குண்டுகளை எண்ணிப் பார்த்தேன். ஆறு. இவ்வளவு நுட்பமான பொருளைக் காத்து நின்றது ஒரு ரப்பர் உறை. அது கிழிந்தபோது எந்தச் சத்தமும் எழவில்லை. எனக்குக் கேட்டது அதற்கு எத்தனையோ மாதம் கழித்துத்தான்.

இப்போது ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு, பூட்டின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறேன். போன மாதம் வலது பூட்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு தட்டுப்பட்டது. வண்டியில் சத்தம் ஏதும் இல்லை. பெரியவரிடம் கொண்டுபோனேன். பழைய பூட்டை அறுத்தெடுத்துக் கிரீஸைத் துடைத்தார். உள்ளே குண்டுகள் ஆறும் கண்ணாடி போல மின்னின.